புதிய ஊரும் கல்யாண மித்திரரும்

(பெங்களூர் விவேக் நகரில் பௌர்ணமி நாளன்று கூடிய அன்பர்களிடையே நிகழ்த்திய அறவுரை)



திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று அமர்ந்திருக்கும் உங்கள் முன்னிலையில் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றக்கூடும். கல்லூரிப் படிப்பை முடித்து, வேலையின் பொருட்டுப் புதிய ஊருக்கு வந்த ஒருவர் அவ்வூரில் நிலைபெறுவது எப்படி, நண்பரைப் பெறுவது எப்படி என்பதே அப்பொருள். இதுவும் ஒரு தருமப் பொருளோ என்று சிலர் வினவலாம். பகவன் புத்தர் இதனைத் தருமத்தின் நடுவிடத்திலேயே வைத்துள்ளார் என்பதை இவ்வுரையின் முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

சில திங்கள்களுக்கு முன் ஓர் இளைஞர் என்னைக் காண வந்தார். கோலார் தங்கவயலில் பிறந்தவர். பாட்டனார் சுரங்கத் தொழிலாளி. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின், தங்கவயல் மக்கள் ஆயிரக்கணக்கானோரைப் போலவே அவருடைய தந்தையாரும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வந்து உழைத்து, இரவில் வீடு திரும்பினார். மகன் பட்டம் பெற்றுக் கோரமங்கலத்தில் ஓர் அலுவலகத்தில் வேலையில் அமர்ந்தார். தந்தையைப் போல் நாள்தோறும் அலைய வேண்டாமென்று, இந்த விவேக் நகரில் மூன்றாம் மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்.

"ஐயா! இவ்வூரில் மனிதருக்குப் பஞ்சமில்லை. வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு ஆலயத்திற்கு வரும் கூட்டத்தால் தெருவில் கால் வைக்க இடமிராது. ஆயினும், சனிக்கிழமை இரவு கதவைச் சாத்தினால், திங்கட்கிழமை காலைவரை என் பெயரைச் சொல்லி அழைப்பவர் ஒருவரும் இல்லை. கல்லூரியில் எனக்கு இருபது நண்பர்கள் இருந்தார்கள். இங்கே என்னிடம் என்ன குறை வந்துவிட்டது?" என்று கேட்டார்.

பிறகு, தயங்கித் தயங்கி மற்றொன்றும் கூறினார். அலுவலகத்துத் தோழர் இருவர் ஒருநாள் தம் அறைக்கு வருவதாகச் சொன்னார்களாம். சுவரில் ததாகதர் திருவுருவம் ஒன்றும், பாபாசாகேப் அம்பேத்கர் படம் ஒன்றும் இருந்தன. இளைஞர் அம்பேத்கர் படத்தை மட்டும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். வந்தவர்கள் புத்தர் உருவத்தைப் பார்த்து, "அழகான பொம்மை, எங்கே வாங்கினாய்?" என்று கேட்டார்கள். இவர் ஒரு கடையின் பெயரைச் சொன்னார். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற கேள்வி வந்துவிடக் கூடாதே என்ற அச்சம். "அவர்கள் சிரித்துப் பேசிச் சென்றார்கள், ஐயா. ஆனால், அவர்கள் போனபின் முன்னிலும் தனியனானேன்" என்றார்.

அன்பர்களே! இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்பது என் கருத்து. அதனைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில், அவர் கேட்ட குறை யாது? நம் சமயம் எந்த விளைவையும் தலையெழுத்து என்று விட்டுவிடாது. ஏதுக்கள் கூடினால் விளைவு தோன்றும். ஏதுக்கள் நீங்கினால் விளைவும் நீங்கும். நட்பும் அவ்வாறே ஏதுக்களால் விளைவது. கல்லூரியில் ஒரே பெஞ்சு, ஒரே விடுதி, ஒரே சோறு, ஒரே தேர்வு அச்சம். அங்கே ஏதுக்கள் தாமாகவே கூடியிருந்தன. ஆகவே நட்பும் தானாக விளைந்ததாக நாம் எண்ணிக்கொண்டோம். அமெரிக்க நாட்டின் கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பரென்று சொல்லும் நிலைக்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்திற்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியுள்ளது என்று அவர் கணக்கிட்டார். விடுதியில் ஒன்றாக வாழும் மாணவருக்கு இந்த 200 மணி நேரம் சில வாரங்களில் தீர்ந்துவிடும். வாரத்திற்கு ஒரு மணி நேரம் மட்டுமே ஒருவரோடு பேசும் நகரவாசிக்கோ ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். எனவே, அந்த இளைஞரிடம் ஒரு குறையும் இல்லை. ஏதுக்கள் இன்னும் கூடவில்லை, அவ்வளவே. அவர் மட்டுமல்லர்; உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களுள் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகக் கூறுகின்றது.

"பகவன் தனிமையைப் புகழ்ந்தாரன்றோ? பௌத்தனுக்கு நண்பர் எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். அவர்க்கு மேகியர் என்னும் பிக்குவின் வரலாற்றைச் சொல்வேன். மேகியர் பகவனுக்கு அணுக்கத் தொண்டராக இருந்தவர். ஆற்றங்கரையில் அழகியதொரு மாந்தோப்பைக் கண்டு, அங்கே தனித்திருந்து தியானிக்க விரும்பினார். "சற்றுப் பொறு, இப்போது நான் தனித்திருக்கிறேன்" என்னும் கருத்துப்படப் பகவன் தடுத்தும் கேளாமல் சென்றார். சென்றவரை அங்கே காமமும் சினமும் கொடுமையுமாகிய எண்ணங்களே சூழ்ந்துகொண்டன. வியந்து திரும்பி வந்த அவருக்கு, மனம் பக்குவமடைவதற்கு ஏதுவானவற்றுள் நல்ல நண்பரைப் பெறுதலையே முதலாவதாகப் பகவன் எடுத்துரைத்தார். பக்குவப்பட்டவனுக்குத் தனிமை தியானமாகும். பக்குவப்படாதவனுக்கு அதே தனிமை, மூடிய அறையில் நள்ளிரவுவரை தொலைபேசியைத் தடவிக்கொண்டிருப்பதாக முடியும்.

ஆனந்தரும் ஒருமுறை, தூய வாழ்க்கையில் பாதி நல்ல நட்பேயாகும் என்று தமக்குத் தோன்றியதைப் பகவனிடம் கூறினார். பகவன் அதனைத் திருத்தி, பாதியன்று, முழுவதும் அதுவே என்றருளினார். துறவிகளுக்கு மட்டுமா இவ்வுபதேசம்? கோலிய நாட்டு இல்லறத்தான் தீகஜாணு என்பவன், "நாங்கள் மக்களைப் பெற்று, சந்தனம் பூசி, பொன்னும் வெள்ளியும் கையாண்டு வாழ்பவர்கள், எங்களுக்கேற்ற அறம் எது?" என்று கேட்டபோது, பகவன் நான்கு சொன்னார்: முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்ல நட்பு, வரவறிந்து வாழ்தல். மூன்றாவதை விளக்குகையில், ஒருவன் எந்த ஊரில் அல்லது எந்த நகரில் குடியிருந்தாலும், அங்குள்ள ஒழுக்கமுடையவரை, இளையவராயினும் முதியவராயினும், தேடிச் சென்று பழகி, உரையாடி, அவர்களுடைய சீலத்தையும் ஈகையையும் அறிவையும் பின்பற்ற வேண்டுமென்றார். நண்பர் நம் அறைக் கதவைத் தட்டுவார் என்று பகவன் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். குடியேறியவனே எழுந்து செல்ல வேண்டும்.

சென்று செய்ய வேண்டுவது யாது? மக்களைப் பிணைக்கும் நான்கு பிணிப்புகளைப் பகவன் காட்டியுள்ளார்: ஈகை, இன்சொல், பயன்படும் செயல், சமநிலை. இவற்றை இந்த விவேக் நகரிலேயே வைத்துப் பார்ப்போம்.

ஈகை என்றவுடன் பணம் என்று எண்ணற்க. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, முதல் சம்பளத்தை எதிர்நோக்கி இருப்பவனிடம் பணம் ஏது? அவனிடம் உள்ளது நேரம். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாயில் ஒரு கரண்டி பக்கத்து அறைக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுது போகட்டும். மேற்சொன்ன 200 மணி நேரமும் ஈகையால் சேர்வதேயாகும்.

இன்சொல்லுக்கு வருவோம். இது கன்னட நாடு. இங்கே பல தலைமுறைகளாகத் தமிழர் வாழ்கின்றனர். ஆஸ்டின் டவுனிலும் நீலசந்திரத்திலும் ஈஜிபுரத்திலும் தமிழ் பேசியே ஒருவர் காலந்தள்ளிவிட முடியும். ஆயினும், அடுத்த வீட்டு அம்மையாரிடம் "ஊட்ட ஆய்த்தா" என்று கேட்கத் தெரியாத தமிழனுக்கு அவ்வீட்டு வாசல் பாதியே திறக்கும். ஒரே பாத்திரத்தை வெவ்வேறு நாட்டார் வெவ்வேறு பெயரால் அழைக்கின்றனர். எந்நாட்டில் இருக்கிறோமோ அந்நாட்டார் சொல்லும் பெயரையே பிடிவாதமின்றி வழங்குக என்று பகவன் தம் பிக்குகளுக்குக் கற்பித்தார். தாய்மொழியை விடும்படி அவர் கூறவில்லை. மொழியைச் சண்டைக்குக் கருவியாக்காதே என்பதே கருத்து. காவிரி நீர்ப் பிணக்கினால் 1991-லும் 2016-லும் இந்நகரில் கலவரம் மூண்டதை மூத்தோர் மறந்திரார். அத்தகைய நாளில் ஒருவனைத் தமிழன் என்று மட்டும் அறிந்தவன் வேறு. அவன் பெயரையும் அவன் தாயின் நோயையும் அறிந்த அண்டை வீட்டான் வேறு.

மூன்றாவது, பயன்படும் செயல். புதிதாக வந்தவனுக்கு ஊரில் ஒன்றும் தெரியாது என்பது மெய். ஆயினும், அவன் ஆறு மாதத்தில் கற்றவை, நாளை வருபவனுக்கு விலைமதிப்பற்றவை. எந்தப் பேருந்து எங்கே போகும், வாடகை ஒப்பந்தம் எழுதுவது எப்படி, இரவில் காய்ச்சல் கண்டால் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பனவற்றை வந்தவனுக்குச் சொல்லலாம். வீட்டுக்காரர் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஒருவருக்குப் பயன்பட்ட அன்றே அவ்வூரில் நமக்கு ஒரு வேர் இறங்குகிறது.

இனி நான்காவதாகிய சமநிலை. இதில்தான் அந்த இளைஞரின் இரண்டாம் கேள்விக்கு விடை இருக்கின்றது.

அநுருத்தர், பத்தியர், ஆனந்தர், பகு, கிம்பிலர், தேவதத்தர் என்னும் சாக்கிய குமாரர் அறுவர், நாவிதராகிய உபாலியோடு துறவு பூணப் பகவனிடம் வந்தனர். அக்குமாரர்கள் என்ன வேண்டினார்கள்? "நாங்கள் குலச் செருக்கு மிக்கவர்கள். இவ்வுபாலி நெடுங்காலம் எங்களுக்கு ஏவல் செய்தவர். அவருக்கே முதலில் துறவு கொடுங்கள். அப்போது நாங்கள் அவரை வணங்கி எழ நேரும், எங்கள் செருக்கும் அடங்கும்" என்று வேண்டினார்கள். பகவன் அவ்வாறே செய்தார். அந்த உபாலிதான் பின்னர் முதற் சங்கத்தில் விநயத்தை ஓதும் பொறுப்பை ஏற்றார்.

இவ்வரலாற்றை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். ஆனால், இதன் பின் நிகழ்ந்ததையும் சேர்த்து எண்ணுவோர் சிலரே. அந்த அறுவருள் இருவராகிய அநுருத்தரும் கிம்பிலரும் பிற்காலத்தில் நந்தியரோடு ஒரு சாலவனத்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள். பகவன் அங்கே சென்று நலம் வினவியபோது, மூவரும் பாலும் நீரும் கலந்ததுபோல் வாழ்வதாகக் கூறினார்கள். எவ்வாறு அது இயன்றது? பிச்சை ஏற்று முதலில் திரும்பியவர் இருக்கைகளை இட்டு நீர் வைப்பார்; கடைசியில் வந்தவர் இடத்தைத் துடைத்து எடுத்துவைப்பார். ஒவ்வொருவரும் தம் விருப்பத்தை ஒதுக்கி, மற்றவர் விருப்பத்தின்படி நடப்பார். ஐந்து நாளுக்கு ஒருமுறை இரவு முழுதும் தருமம் பேசுவார்கள். ஓரறையில் மூவராகக் குடியிருக்கும் இளைஞர்களே! பாத்திரம் யார் துலக்குவது என்பதில் உங்களுக்குள் பிணக்கு எழும்போது, இந்தச் சாலவனத்தை நினையுங்கள்.

நாவிதர் முன் தலை வணங்கக் கற்ற கையாலேயே அநுருத்தர் பின்னாளில் தோழர்க்கு இருக்கை இட்டார். சமநிலை முதலில் வந்தது. பாலும் நீரும்போன்ற நட்பு அதன்பின் வந்தது. மேல் கீழ் என்ற எண்ணம் உள்ள இடத்தில் பழக்கம் இருக்கலாம், உதவியும் இருக்கலாம், நட்பு இராது. தன்னைக் கீழானவன் என்று தானே அஞ்சி மறைத்துக்கொள்பவனும் அந்த மேல் கீழ் எண்ணத்தையே தன் அறைக்குள் அழைத்து வந்து அமர வைக்கிறான்.

இதனால், வழியிற் கண்டவரிடமெல்லாம் உங்கள் குடிப்பிறப்பைச் சொல்லுங்கள் என்று நான் கூறவில்லை. வீடு தேடும்போது கேட்கப்படும் கேள்விகளின் நோக்கத்தை நாம் அறிவோம்; உண்மையைச் சொன்னதால் சாவி மறுக்கப்பட்டவர்களும் நம்மிடையே உள்ளனர். "நான் பௌத்தன்" என்பது முழுமையான விடை. அதற்கு மேல் எவருக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை. ஆனால், ஒருவரை நண்பர் என்று அழைக்க விரும்பினால் நிலைமை வேறு. இன்ப துன்பங்களில் ஒத்திருக்கும் நண்பனின் இயல்பைச் சிகாலன் என்னும் இளைஞனுக்கு விளக்கிய பகவன், அவன் தன் மறைபொருளைச் சொல்வான், நம் மறைபொருளைக் காப்பான் என்னும் கருத்தினை உரைத்தார். எதையும் சொல்லாத இடத்தில் காப்பதற்கு என்ன இருக்கும்? அந்தத் தோழர்கள் விரும்பிச் சிரித்துப் பேசியது, படம் கழற்றிய சுவரோடுதான். அறையில் இருந்த மனிதரை அவர்கள் சந்திக்கவேயில்லை; ஆதலால்தான் அவர்கள் சென்றபின் அவர் முன்னிலும் தனியரானார்.

அப்படத்தில் இருப்பவர் யார்? 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு திரிசரணம் ஏற்று, "உங்களுக்கும் மனிதரோடு மனிதராக உட்காரும் உரிமை உண்டு" என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் நிறுவியவர். அவரைப் பெட்டியில் வைத்துவிட்டு நாம் எங்கே உட்காருவது?

நம் முன்னோரை எண்ணிப் பாருங்கள். தங்கவயலுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களும் புதிய ஊருக்கு வந்தவர்களே. தாழ்வான கூரையும் ஆழமான சுரங்கமுமே அவர்கள் கண்டவை. அவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டார்கள். அயோத்திதாச பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய "தமிழன்" இதழைக் கூடியமர்ந்து படித்தார்கள். பண்டிதர் 1914-இல் மறைந்தார். பின்னர் 1926-இல் அப்பாதுரையார் முயற்சியால் அவ்விதழ் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. அன்னிய ஊரில் அவர்களைத் தாங்கியது, தங்கள் நெறியின் பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு கூடிய அந்தக் கூட்டமே. இன்னும் பின்னோக்கினால், பாளி உரைகளை இயற்றிய ஆச்சாரிய புத்தகோசர் நம் தமிழகத்தில் அயலவராகத் தங்கியவர். தம்மோடு வாழ்ந்த புத்தமித்திரரையும், காஞ்சியில் தம்மோடு வாழ்ந்த ஜோதிபாலரையும் அவர் தம் உரைகளின் முடிவில் பெயர் சொல்லிக் குறித்துள்ளார். அவர்கள் வேண்டியதாலேயே அவ்வுரைகள் எழுதப்பட்டன. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அந்நட்பு அழியவில்லை.

இனி, மூத்தவர்களுக்கும் ஒரு சொல். பழுது இளைஞரிடம் மட்டுமில்லை. அந்த இளைஞர் என்னிடம் வருமுன் நம் பௌர்ணமிக் கூட்டத்திற்கு இருமுறை வந்திருந்தாராம். பின்வரிசையில் அமர்ந்து, சீலம் ஏற்று, எழுந்து போனாராம். "தம்பி, எந்த ஊர்? எங்கே தங்கியிருக்கிறீர்? உண்டீரா?" என்று நம்முள் ஒருவரும் கேட்கவில்லை. உலக மக்கள் அனைவர்க்கும் மைத்திரி பரப்பிய நாம், பின்வரிசைக்குப் பரப்ப மறந்தோம். இக்குற்றம் எனக்கும் உரியது. இன்றுமுதல், புதிதாக வந்த எவரும் பெயர் கேட்கப்படாமல் இக்கூடத்தைவிட்டுச் செல்லலாகாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒவ்வொரு குடும்பமும் புதிய பிள்ளை ஒருவருக்குச் சோறிடுக. காந்தி நகரில் 1956-இல் ஆச்சாரிய புத்தரக்கித தேரர் நிறுவிய மகாபோதி சங்கம் இருக்கின்றது. அங்கே செல்லும்போது இவர்களில் இருவரை உடன் அழைத்துச் செல்க.

அந்த இளைஞர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். படத்தை மீண்டும் மாட்டினார். அத்தோழர்கள் மறுமுறை வந்தபோது "இவர் ஏன் இங்கே?" என்று ஒருவர் கேட்டார். "என் பாட்டனார் காலந்தொட்டு நாங்கள் பௌத்தர்கள், இது பொம்மையன்று, நாங்கள் வணங்கும் ஆசான். இவர் எங்களை நிமிர்த்தியவர்" என்று விடை கூறினார். இருவருள் ஒருவர் அதன்பின் வருவதில்லை. மற்றவர் ஞாயிறுதோறும் வருகிறார். இருவரும் சேர்ந்து சமைக்கிறார்கள். பாத்திரம் துலக்குவது முறைவைத்து நடக்கிறது. இழந்தது ஒரு பழக்கம். பெற்றது ஒரு நட்பு. இது பெரிய வெற்றியன்று என்பார் உளரேல், புதிய ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தனியே கழித்துப் பார்த்தபின் அவர் சொல்லட்டும்.

இளைஞர்களே! நண்பரைத் தேடி அலையுமுன் நண்பராக நடக்கத் தொடங்குங்கள். நேரத்தைக் கொடுங்கள், இன்சொல் கற்றுக்கொள்ளுங்கள், பயன்படுங்கள், எவர்க்கும் மேலாகவும் நில்லாமல், எவர்க்கும் கீழாகவும் குனியாமல், ஒரே தரையில் அமருங்கள். சுவரில் உள்ளதைக் கழற்றாதீர்கள். அப்போது எந்த ஊரும் உங்கள் ஊராகும்.

புத்தம் தம்மம் சங்கம் என்னும் மும்மணியின் அருள் நிழலில், புதிதாய்க் குடியேறிய ஒவ்வொருவரும் கல்யாண மித்திரரைப் பெறுவாராக. பெறுமுன் தாமே கல்யாண மித்திரராவாராக.

நமோ புத்தாய!